குழியை மூடினால் போதாது, தண்ணியை வெளியே அனுப்பணும்

(புதுச்சத்திரம் வட்டாரக் கூட்டமைப்புக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் தோட்டத்துத் தடத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பின்வரிசையில் ஒரு அக்கா சிரித்தார்கள். "அது ஆம்பளைங்க வேலையாச்சே"ன்னு சொன்னது என் காதிலும் விழுந்தது. 1989ஆம் ஆண்டு தர்மபுரியில் முதன்முதலாக மகளிர் குழுக்கள் ஆரம்பித்தபோதும் இப்படித்தான் சொன்னாங்க. "பொம்பளைங்களுக்கு பேங்கு எதுக்கு?"ன்னு கேட்டாங்க. இன்றைக்கு நம்மில் எத்தனை பேர் பேங்கு மேனேஜரிடம் நின்று கணக்குக் கேட்கிறோம்! தடமும் அப்படித்தான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்க. விடியற்காலை பால் கேனோடு அந்தத் தடத்தில் போவது யார்? ரேஷன் அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு வருவது யார்? "தடம் சரியில்லை, பஸ் உள்ளே வராது, ரோட்டுக்கே கொண்டு வந்து விடுங்க"ன்னு பள்ளிக்கூட வேன்காரர் சொன்னால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நடப்பது யார்? நடப்பது நாம் என்றால், அது எப்படி இருக்கணும் என்று சொல்வதும் நாமாகத்தான் இருக்கணும்.

எங்க தடத்தின் கதை

எங்க தடம் 600 அடி நீளம், 10 அடி அகலம். பதினொரு குடும்பம். நொரம்பு போட்ட தடம். பக்கத்திலேயே சேலம் நாமக்கல் நான்கு வழிச்சாலையில் வண்டிகள் பறக்கின்றன. நம்ம ஊர் முட்டையும் கிழங்கும் அதில் ஏறி எங்கெங்கோ போய்விடுகிறது. ஆனால் தோட்டத்து வாசலில் இருந்து தார் ரோடு வரைக்கும் போவதுதான் பெரும்பாடு.

சில வருஷத்துக்கு முன்னால், கார்த்திகை மாதம், இருட்டோடு எங்க குழு உறுப்பினர் ஒருவர் டிவிஎஸ் வண்டியில் பால் கொண்டு போனார். குழியில் தண்ணி நின்றதால் ஆழம் தெரியவில்லை. வண்டி சாய்ந்தது. பால் போனால் போகட்டும், கை மணிக்கட்டு உடைந்துவிட்டது. இரண்டு மாதம் மாவுக்கட்டு. பால் கறக்க முடியவில்லை, மாட்டை அடுத்தவர் பார்க்க வேண்டியதாயிற்று. மாட்டுக் கடன் தவணை பால் பணத்தில்தான் கட்டிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு தவணையை நாங்கள் குழுவில் சேர்ந்து போட்டுக் கட்டினோம். அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது: தடத்தில் இருக்கிற குழி, குழுவின் கடன் புத்தகத்திலும் குழிதான்.

சரி, பணம் போட்டு நொரம்பு வாங்கினோம். குழி குழியாகக் கொட்டினோம். கொட்ட வந்தவர் டிராக்டர் பின்னாடி இருந்த பிளேடால் ஒரு இழு இழுத்துவிட்டுப் போனார். பார்க்க அழகாக இருந்தது. ஐப்பசி மழை பிடித்து ஒரே வாரத்தில், அதே இடத்தில் அதே குழி. அடுத்த வருஷமும் பணம் போட்டோம், அடுத்த வருஷமும் அதே கதை. இரண்டு வருஷப் பணம் வாய்க்காலோடு போனது.

மூன்றாவது வருஷம், சாலைப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் எங்க வீட்டு விசேஷத்துக்கு வந்தார். தடத்தைப் பார்த்தவர், "ஒரு குடம் தண்ணி கொண்டாம்மா"ன்னு கேட்டார். குடிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். வாங்கித் தடத்து நடுவில் மெதுவாக ஊற்றினார். தண்ணி எங்கேயும் போகாமல் அங்கேயே நின்றது. "உங்க தடத்துக்கு நோய் குழி இல்லைம்மா. தண்ணிக்குப் போக வழி இல்லை. அதுதான் நோய். குழி வெறும் புண்ணு"ன்னார்.

நான் இன்றைக்குச் சொல்ல வந்ததும் இந்த ஒரே விஷயம்தான். மற்றதெல்லாம் அதைச் செய்யும் முறை.

குழிக்குள் கொட்டின மண் ஏன் நிற்பதில்லை?

குழியின் அடி கிண்ணம் மாதிரி இறுகிப் போயிருக்கும். அதற்குள் புது நொரம்பைக் கொட்டினால் பழைய மண்ணோடு அது ஒட்டாது. மழை பெய்தால் தண்ணி அந்தக் கிண்ணத்தில் நிற்கும். சக்கரம் ஏறும்போது தண்ணி பீய்ச்சி அடிக்கும், அதோடு நுண்மண்ணும் வெளியே வந்துவிடும். மிச்சம் இருப்பது உருளும் கல். நான்கு வண்டி போனால் அதுவும் சிதறிவிடும்.

அதனால் குழியை மூடக்கூடாது, குழியை இல்லாமல் செய்யணும். குழியின் அடி வரைக்கும் தடம் முழுவதையும் கொத்திக் கிளறி, ஒரே மண்ணாகக் கலந்து, மறுபடி உருவம் கொடுத்து இறுக்கணும். அந்த உருவம் ஆமை முதுகு மாதிரி இருக்கணும். நடு மேடு, இரண்டு ஓரமும் சரிவு.

எவ்வளவு சரிவு? நொரம்புத் தடத்துக்கு ஒரு அடிக்கு அரை அங்குலம். 10 அடி அகலத் தடத்தில் நடுவில் இருந்து ஓரம் 5 அடி. அப்படியானால் நடு, ஓரத்தைவிட இரண்டரை அங்குலம் உயரமாக இருக்கணும். வண்டி ஓடி இறுகும்போது கொஞ்சம் தாழும் என்பதால் முதலில் 4 அங்குலம் வைத்துக்கொள்ளலாம். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணி டியூபும் ஒரு கயிறும் இருந்தால் நாமே அளந்துவிடலாம். இல்லையென்றால் இருக்கவே இருக்கிறது குடத்துத் தண்ணி.

டிராக்டரில் எந்தக் கருவியை எதற்குக் கேட்பது?

"ஒரு டிராக்டர் வேணும்"னு மட்டும் சொல்லாதீங்க. என்ன கருவியோடு வரணும் என்று சொல்லுங்க.

கொத்துக் கலப்பை: கிளறுவதற்கு. இறுகின நொரம்பில் ஒன்பது கொத்து இறங்காமல் மேலேயே துள்ளும். ஐந்து கொத்து நன்றாக இறங்கும். ஒன்பது கொத்துதான் கிடைக்கும் என்றால் சில கொத்துகளைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்லுங்க.

லெவல் பிளேடு: இதுதான் முக்கியம். குறுக்காகத் திருப்பி வைக்கும் வசதி உள்ள பிளேடாக இருக்கணும். நேராக வைத்து இழுத்தால் நடு மேட்டை வழித்துத் தடத்தைத் தட்டையாக்கிவிடும். எங்களுக்கு முதல் இரண்டு வருஷமும் நடந்தது அதுதான். பிளேடைச் சாய்வாக வைத்தால் மண் ஒரு பக்கமாக ஒதுங்கி வரும், ஓரத்து மண்ணை நடுவுக்குக் கொண்டு வரலாம்.

மூன்று பக்கம் தகடு அடைத்த பெட்டி லெவலர்: மேட்டு மண்ணை அள்ளிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் விடுவதற்கு நல்லது. ஆனால் ஓரத்தில் இருந்து நடுவுக்கு மண் ஒதுக்க இது உதவாது.

ரோட்டாவேட்டர் வேண்டாம். அது நொரம்பை மாவாக்கிவிடும். கல்லில் பட்டுக் கத்தியும் போகும், டிராக்டர்காரரோடு சண்டையும் வரும்.

தண்ணி டேங்கரும், கிடைத்தால் ரோலரும் வேணும். ரோலர் இல்லையென்றால் லோடு ஏற்றிய டிரெய்லர் போதும். ஒவ்வொரு தடவையும் சக்கரத் தடத்தை மாற்றி மாற்றி, ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வரணும்.

வேலையின் வரிசை

முதலில், தடத்தைக் குறுக்கே தாண்டிப் போகும் தண்ணிக் குழாய், சொட்டுநீர்க் குழாய், மோட்டார் கேபிள் எல்லாவற்றுக்கும் மேலே சுண்ணாம்பால் கோடு போடுங்க. மேலாகப் போகும் குழாயை இந்தச் சமயத்திலேயே ஆழமாகப் பதித்துவிட்டால் நல்லது.

இரண்டாவது, ஓரத்துப் புல் வரப்பை எடுக்கணும். வருஷக்கணக்கில் ஒதுங்கின மண்ணில் புல் முளைத்து, இரண்டு பக்கமும் கரை மாதிரி நிற்கும். நடுவை எவ்வளவு மேடாக்கினாலும் இந்தக் கரை இருந்தால் தண்ணி வெளியே போகாது. தடமே வாய்க்கால் ஆகிவிடும்.

மூன்றாவது, இருக்கிற குழிகளிலேயே ஆழமான குழியின் அடி வரைக்கும் கொத்துக் கலப்பை போகணும். "மேலாக் கொத்தினாப் போதும்"பாங்க. ஒத்துக்கொள்ளாதீங்க. அடியில் கிண்ணம் மிச்சம் இருந்தால் குழி திரும்பி வரும்.

நான்காவது, பிளேடைச் சாய்வாக வைத்து, போகும்போது ஒரு ஓரம், வரும்போது மறு ஓரம். மண் நடுவில் கூடணும். டிராக்டர் நாம் கூடவே நடந்து வரக்கூடிய வேகத்தில் போகணும். வேகமாகப் போனால் பிளேடு துள்ளி, அந்தத் துள்ளலே தடத்தில் அலையாகப் பதிந்துவிடும்.

ஐந்தாவது, கயிறு பிடித்து அளந்து, தண்ணி தெளித்து, இறுக்கணும்.

ஆறாவது, ஓரத்துக்கு வந்த தண்ணி எங்கே போகும் என்று முடிவு செய்யணும். எங்க தடத்தில் மூன்று இடத்தில் ஓர வாய்க்காலைத் திருப்பி விட்டோம். ஒன்று தென்னைக்கு, இரண்டு பண்ணைக்குட்டைக்கு. தண்ணியும் வீணாகவில்லை, தடமும் பிழைத்தது. அடுத்தவர் காட்டுக்குள் திருப்பும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்க. இல்லையென்றால் தடம் நன்றாக இருக்கும், பேச்சுவார்த்தை இருக்காது.

எங்களுக்கு முதல் தடவை டிராக்டர் வேலை மூன்று மணி நேரம் பிடித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் பிளேடு வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறது. அன்றைக்கு டிரைவர் தம்பி என்னைப் பார்த்து, "ஏனுங்கக்கா, உங்களுக்கு டிராக்டர் ஓட்டத் தெரியுமா?"ன்னு கேட்டார். "டிராக்டர் ஓட்டத் தெரியாதுங்க தம்பி. தண்ணி எந்தப் பக்கம் ஓடணும்னு தெரியும்"னேன். அப்புறம் அவரே கயிறு பிடிக்க வந்துவிட்டார்.

எப்போது செய்வது?

காய்ந்த மண்ணைக் கிளறினால் புழுதிதான். சேறாக இருக்கும்போது இழுத்தால் பிளேடில் அப்பிக்கொள்ளும். பதம் பார்க்க நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழுக்கட்டை மாவு மாதிரிதான். ஒரு கைப்பிடி மண்ணைப் பிடித்து அமுக்குங்க. பிடி உதிராமல் நிற்கணும், விரல் இடுக்கில் தண்ணி வரக்கூடாது. அதுதான் பதம்.

பெரிய வேலையை ஆவணி, புரட்டாசியில் ஒரு மழை பெய்து ஈரம் இருக்கும்போது முடித்துவிடணும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குத் தடம் இறுகித் தயாராக இருக்கும். தையில், மிச்ச ஈரம் காய்வதற்குள் ஒரு தடவை பிளேடு மட்டும். சித்திரை, வைகாசிக் கோடை மழைக்குப் பிறகு இன்னொரு தடவை. பங்குனி வெயிலில் செய்தே ஆகணும் என்றால் முதல் நாள் சாயங்காலமே டேங்கர் தண்ணி விட்டு ஊற விடுங்க.

இது நான் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் டி. வார்டு கிங் என்ற விவசாயி 1890களிலேயே இதைச் செய்து காட்டினார். ஒரு மரத்தை இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதியையும் இணையாகக் கட்டி, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் தன் தோட்டத்து வழியில் குதிரையை வைத்துச் சாய்வாக இழுத்தார். பக்கத்துத் தடமெல்லாம் சேறாகக் கிடக்க, அவருடையது மட்டும் கெட்டியாக நின்றது. 1908இல் அந்த நாட்டு வேளாண்மைத் துறை அந்தப் பிளந்த மரத்துக்கென்றே ஒரு கையேடு போட்டது. நம்ம ஊரில் நெல் வயலுக்குப் பரம்பு ஓட்டுவதில்லையா, கிட்டத்தட்ட அதே சங்கதிதான். பெரிய பிளேடு கிடைக்காத காலத்தில் இரண்டு கனமான மரத்தையோ ஆங்கிள் இரும்பையோ சங்கிலியால் கட்டிச் சாய்வாக இழுத்தாலும் சின்னப் பள்ளம் அடைபடும். சின்னதாக, அடிக்கடி, மழைக்குப் பிறகு. அவ்வளவுதான்.

அலை அலையாக வருவது ஏன்?

சில தடத்தில் குழி இருக்காது, சலவைப் பலகை மாதிரி வரி வரியாக இருக்கும். டிவிஎஸ்ஸில் போனால் பல் ஆடும், பையில் இருக்கும் முட்டை உடையும். மண் சரியில்லை என்று நினைப்போம். கனடா, பிரான்ஸ், இங்கிலாந்து விஞ்ஞானிகள் சேர்ந்து, சுழலும் மேடையில் மணலைப் பரப்பி அதன் மேல் சக்கரத்தை உருள விட்டுப் பார்த்தார்கள். 2007இல் வெளிவந்த அந்த ஆய்வு சொன்னது இதுதான்: சக்கரம் ஒரு வேகத்தைத் தாண்டினால் காய்ந்த மண்ணில் அலை தானாகவே வரும். அந்த வேகமும் ரொம்பக் குறைவுதான். அதனால் அலையைத் தடுக்க நொரம்பு கெட்டியாகப் பிடித்திருக்கணும், வண்டியும் மெதுவாகப் போகணும். வந்துவிட்ட அலையை மேலாக வழித்தால் திரும்ப வரும். அதையும் அடி வரைக்கும் கொத்தித்தான் எடுக்கணும்.

நொரம்பு வாங்கும்போது

வெறும் கல்லாக இருந்தால் உருளும். வெறும் செம்மண்ணாக இருந்தால் சேறாகும். சின்னக் கல், மணல், பிடிமானத்துக்குக் கொஞ்சம் களி மூன்றும் கலந்திருக்கணும். நனைத்துப் பிடித்தால் உருண்டை நிற்கணும், காய்ந்த பிறகு சுலபமாக உடையக்கூடாது.

கணக்கு நாமே போடலாம். 600 அடி நீளம், 10 அடி அகலம், 3 அங்குலம் அதாவது கால் அடி கனம். 600ஐ 10ஆல் பெருக்கி நான்கால் வகுத்தால் 1,500 கன அடி. 100 கன அடி ஒரு யூனிட். ஆகவே 15 யூனிட். டிப்பரின் நீளம், அகலம், உயரத்தை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்க. லோடு கணக்கில் பணம் கொடுக்காதீங்க, யூனிட் கணக்கில் கொடுங்க. கிளறிப் பார்த்தால் பழைய நொரம்பே ஓரத்தில் நிறையக் கிடக்கும். எங்களுக்குப் பாதி அப்படியே கிடைத்தது.

அனுமதியும் நடைச்சீட்டும் இல்லாத நொரம்பை, மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்க வேண்டாம். மண் எடுக்கக் கனிமவளத் துறை அனுமதி வேணும். வண்டி பிடிபட்டால் வழக்கு, குழுவுக்குக் கெட்ட பேர்.

உயிர் முக்கியம்

இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்க. பிளேடு கீழே இறங்க பாரம் வேணும் என்று அதன் மேல் ஆளை ஏற்றி நிற்க வைப்பார்கள். பரம்புப் பலகையில் பிள்ளைகளை உட்கார வைப்பது நமக்குப் பழக்கம். டிராக்டர் விஷயத்தில் அது கூடவே கூடாது. ஒரு குலுக்கலில் விழுந்தால் பிளேடுக்கு அடியில்தான். பாரத்துக்கு மணல் மூட்டை கட்டுங்க. மட்கார்டில் யாரும் உட்கார வேண்டாம். கருவி தூக்கி நிற்கும்போது அதற்கு அடியில் கை விடக்கூடாது, தரையில் இறக்கி இன்ஜினை நிறுத்திய பிறகுதான் கிட்டேயே போகணும். சுற்றுகிற தண்டுக்குப் பக்கத்தில் சேலை முந்தானை, துப்பட்டா போகக்கூடாது. அன்றைக்குக் குழந்தைகளை ஒரு வீட்டில் வைத்து ஒருத்தர் பார்த்துக்கொள்ளணும். டிராக்டர் பின்னாடி வரும்போது டிரைவருக்குப் பின்பக்கம் சரியாகத் தெரியாது.

பணமும் பொறுப்பும்

எங்க பதினொரு குடும்பமும் மாதம் 50 ரூபாய் போடுகிறோம். வருஷத்துக்கு 6,600 ரூபாய். குழுச் சேமிப்போடு கலக்காமல் தனி நோட்டு, தனி ரசீது. யார் எந்த மாதம் கொடுத்தார்கள், டிராக்டர் எத்தனை மணி ஓடியது, எத்தனை யூனிட் வந்தது, எல்லாம் தீர்மான நோட்டில் ஏறும். இன்னொரு தீர்மானமும் போட்டோம். கனமழை விட்டு இரண்டு நாள் வரைக்கும் கிழங்கு லாரியோ தீவன லாரியோ உள்ளே வரக்கூடாது. முதலில் முணுமுணுத்தார்கள். ஒரு லாரி ஈரத்தில் ஒரே தடவை ஏறி என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்த பிறகு ஒத்துக்கொண்டார்கள்.

வேலை தொடங்கும் முன் கிராம நிர்வாக அலுவலரிடம் உங்க தடம் பட்டா நிலத்தில் போகிறதா, புறம்போக்கு வண்டிப்பாதையா என்று கேளுங்க. பொதுப் பாதையாக இருந்தால் கிராம சபையில் மனுக் கொடுங்க. 2022இல் இருந்து வருஷத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பொதுப் பாதையில் அனுமதி இல்லாமல் நாமே கொத்தக்கூடாது. வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரும் கருவிகளும் வாடகைக்கு விடுகிறது. உங்க வேலைக்குக் கிடைக்குமா என்று அங்கேயும் கேட்டுப் பாருங்க.

இமாச்சலப் பிரதேசம், உத்தரகாண்ட், மேகாலயா மலைப் பகுதிகளில் பிரதம மந்திரி கிராமச் சாலைகளின் அன்றாடப் பராமரிப்பை மகளிர் சுய உதவிக் குழுக்களிடமே ஒப்பந்தமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓர வாய்க்கால் தூர் வாருவது, புல் வெட்டுவது, பள்ளம் அடைப்பது எல்லாம் நம்மைப் போன்ற பெண்கள் சம்பளத்துக்குச் செய்தார்கள். அதனால் நம்ம கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். டிராக்டர் வாங்கச் சொல்லவில்லை. சாய்த்து வைக்கக்கூடிய பிளேடு ஒன்று வாங்கி, உறுப்பினர்களுக்கு வாடகைக்கு விட முடியுமா என்று அடுத்த கூட்டத்தில் பேசுங்க.

கை உடைந்த அந்த உறுப்பினர் இப்போது அதே தடத்தில் பால் கொண்டு போகிறார். கடனும் முடிந்துவிட்டது. போன கார்த்திகையில் ஒரு நாள் நல்ல மழை. விடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் மண்வெட்டியோடு தடத்தைப் பார்க்கப் போனோம். நடுவில் ஈரம் மட்டும் இருந்தது. தண்ணி ஓரத்தில் சலசலன்னு தென்னைக்கு ஓடிக்கொண்டிருந்தது.

நீங்களும் இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு குடம் தண்ணி எடுத்துத் தடத்து நடுவில் ஊற்றிப் பாருங்க. நின்றால், அடுத்த குழுக் கூட்டத்தில் அதுதான் முதல் தீர்மானம்.